உப்பேறிய அடிபம்பு: இறால் பண்ணைகளும் நிலமற்றோரின் சம்மதமும்



வெண்மணி நினைவுச் சொற்பொழிவில் இறால் பண்ணைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, அமைப்புத் தோழர் ஒருவர் கொஞ்சம் தயங்கினார். "வெண்மணிக்கும் இறாலுக்கும் என்னங்க தொடர்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த உரை.

நான் பழைய நாகை மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றில், தெருவில் பிறந்தவள். தெரு என்று மட்டும் சொன்னால் போதும். டெல்டாவில் அது எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். 1994இல் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே அடிபம்பு. அந்த ஆண்டுக் கோடையில் ஒருநாள் அப்பாயி உலையை இறக்கி வைத்துவிட்டு, "தண்ணி கரிக்குது, புள்ள" என்றார். அப்புறம் பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பம்பின் கைப்பிடி துருவேறியது. அடுத்த கோடைக்குள் அந்த பம்பில் மாடு கழுவக்கூட யாரும் தண்ணீர் அடிக்கவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருக் கிணற்றுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கிணற்றில் கயிறு போடக் கூடாது. யாராவது இறைத்து ஊற்றும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே, எங்கள் அம்மாக்கள் நடவு நட்ட வயல்களில், ஒரு கம்பெனி இறால் குட்டைகளை வெட்டியிருந்தது. தெருவில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அன்று தோன்றவும் இல்லை. நிலம் அவர்களுடையது, விற்றார்கள், வாங்கியவர்கள் வெட்டினார்கள். பிற்பாடு சமூகவியல் படித்தபோதுதான் இந்த இரண்டாவது விஷயம் என்னை உறுத்தத் தொடங்கியது. குடிக்கிற தண்ணீரையே மாற்றிவிடுகிற ஒரு தொழில்நுட்பம் வாசலில் வந்து இறங்குகிறது. எங்களைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கே ஏன் வரவில்லை?

முதல் இயந்திரம்

கீழத்தஞ்சைக்கு வெளியிலிருந்து வந்து இறங்கிய முதல் பெரிய தொழில்நுட்பம் இறால் அல்ல. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பேக்கேஜ் திட்டம் என்று அதைச் சொன்னார்கள். ஒட்டு விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து, பம்புசெட், டிராக்டர் எல்லாம் ஒரே கட்டாக வந்தன. குறுகிய காலப் பயிரான ஏடிடி 27 ரக நெல்லும் வந்தது. இருபோகம் கூடியது, மகசூலும் கூடியது. எல்லாம் மிராசுதார்கள் வழியாகவே வந்தன. கடன் நிலத்தின் பேரில் கிடைத்தது. நிலமில்லாதவர்களுக்கு இந்தக் கட்டில் கிடைத்தது கூடுதல் வேலையும் அதே கூலியும்.

1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் பண்ணையார்களின் பிடி தளரவில்லை. செங்கொடிச் சங்கத்தின் கீழ் திரண்ட தலித் கூலிகள், மகசூல் கூடியிருக்கிறது, எங்கள் கூலியில் அரைப்படி நெல்லைக் கூட்டுங்கள் என்றார்கள். நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து, வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நில உடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இதை நீங்கள் அறிவீர்கள். இன்று ஒரு கோணத்திலிருந்து மட்டும் பார்க்கச் சொல்கிறேன். வெண்மணி மக்கள் டிராக்டரை எரிக்கவில்லை. புதிய விதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தொழில்நுட்பத்தின் பலனில் தங்களுக்குரிய பங்கைக் கேட்டார்கள். அதற்குச் சங்கமாகச் சேர்ந்தார்கள். அரைப்படி நெல் என்று நாம் சுருக்கிச் சொல்கிற கோரிக்கைக்குள், இந்த மண்ணில் என்ன புதிதாக வந்தாலும் எங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்ற கோரிக்கை இருந்தது. அதற்குத்தான் தீ.

குட்டை எப்படி வேலை செய்கிறது

இறால் நமக்குப் புதிதல்ல. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல் விளையும். அறுவடைக்குப் பின் உப்புநீரை மதகு வழியாக விட்டு அதோடு வருகிற இறாலை வளர்ப்பார்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் ஊரில் இருக்கிற எளியவர்கள் இறங்கி மிச்சம் மீதியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. அந்த வயல்களிலும் சாதி இருந்தது, உழைத்தவர்கள் புலையர்கள். அதை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. கடல், மழை, நெல், இறால் என்ற வரிசையில் அந்த முறை அடங்கியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

1990களில் நம் கரைக்கு வந்தது வேறு. தைவானில் வளர்த்தெடுக்கப்பட்டு, அங்கே 1980களின் இறுதியில் நோயால் சரிந்துபோன தீவிர இறால் வளர்ப்பு முறை அது. தாய்லாந்து வழியாகவும் வேறு நாடுகள் வழியாகவும் பரவி, தாராளமயத்தின் காற்றோடு கோரமண்டல் கரைக்கு வந்தது. கடல்பொருள் ஏற்றுமதியை அரசு ஊக்குவித்தது. வங்கிகள் கடன் கொடுத்தன. வேறு தொழில்களில் இருந்த கம்பெனிகளும் பங்குச்சந்தையில் பணம் திரட்டிக்கொண்டு கடலோரத்துக்கு வந்தன.

கடலிலிருந்தும் உப்பாற்றிலிருந்தும் ராட்சத மோட்டார்கள் தண்ணீரை இழுக்கும். உப்பு அதிகமானால் இறால் வளராது. அதனால் ஆழ்துளைக் கிணறு போட்டு நல்ல தண்ணீரை இறைத்துக் கலப்பார்கள். பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகளை நெருக்கமாக விடுவார்கள். தீவனம் கம்பெனித் தீவனம். இரவில் குட்டைக்குள் ஆக்ஸிஜன் குறையும். அதற்காக ஏரேட்டர்கள் விடியவிடிய ஓடும். மிஞ்சிய தீவனம், கழிவு, மருந்து எல்லாம் கலந்த தண்ணீரை அடிக்கடி வாய்க்காலில் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுவார்கள். நாலு மாதத்தில் ஒரு அறுவடை. இறால் ஐஸ் பெட்டியில் ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடும். உப்பு எங்கள் மண்ணில் தங்கிவிடும்.

அடிபம்பு ஏன் கரித்தது என்பதற்கு இதில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. குட்டையிலிருந்து உப்புநீர் பக்கவாட்டில் கசிகிறது. மறுபக்கம், நல்ல தண்ணீரை ஆழத்திலிருந்து உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் டெல்டாவில் ஒரு குட்டை என்பது ஒரு குட்டையோடு நிற்பதில்லை.

உள்ளூர் மக்கள் என்றால் யார்?

பெருநிறுவனங்களுக்கு எதிரான போராட்டங்களைப் பற்றிய எழுத்துகளில் "உள்ளூர் மக்கள்" என்ற சொல் அடிக்கடி வருகிறது. கம்பெனி ஒருபக்கம், ஊர் மறுபக்கம். எங்கள் கரையில் நடந்ததை இந்தச் சித்திரத்தில் அடைக்க முடியாது. நிலத்தை விற்றவர்களும் உள்ளூர் மக்கள்தான்.

கடைமடையில் காவிரித் தண்ணீர் கடைசியாக வரும். சில ஆண்டுகளில் வரவே வராது. நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991இல் வந்தது. அதற்குப் பிறகும் தண்ணீர்ச் சண்டை ஓயவில்லை. பிள்ளைகளை வெளியூரில் படிக்கவைத்து, தாங்களும் டவுனில் வீடு கட்டிக்கொண்டிருந்த உடைமையாளர்களுக்குக் கடைமடை வயல் சுமையாகிவிட்டது. தரகர்கள் வந்தபோது விற்றார்கள். பக்கத்தில் குட்டை வந்தபின் உப்பேறிய வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிறு விவசாயிகளும் விற்றார்கள். அவர்களில் சிலர் உண்மையில் ஏமாற்றப்பட்டார்கள். இருந்தாலும் விற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பணம் வாங்கினார்கள்.

தெருவுக்குக் கையெழுத்தும் இல்லை, பணமும் இல்லை. நெல் வயலில் நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, கட்டுத் தூக்க ஆள் வேண்டும். அதில் பெரும்பகுதி பெண்களின் வேலை. இறால் குட்டைக்கு வேண்டியவர்கள் தீவனம் போடவும் மோட்டார் பார்க்கவும் சிலர், காவலுக்குச் சிலர். காவலுக்கு வெளியூர் ஆட்களைத்தான் வைத்தார்கள். வேலையோடு வேறு பலவும் போயின. வரப்பில் பறிக்கிற கீரை, வயலில் பொறுக்கும் நத்தை, நண்டு, அறுப்புக்குப் பின் எலி வளையில் கிடைக்கும் நெல், ஆடு மேய்த்த புறம்போக்கு, விறகு பொறுக்கிய கருவேலங்காடு. இவை எந்தப் பதிவேட்டிலும் எங்கள் சொத்தாக இல்லை. ஆகவே அவை போனபோது எந்தப் பதிவேட்டிலும் எங்கள் இழப்பாகவும் ஏறவில்லை.

கிராமத்தை ஒரே அலகாகக் கொள்வதை அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் 1948 நவம்பரில் ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்று இங்கே புரிகிறது. ஊர் ஒத்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னால், எந்தத் தெரு ஒத்துக்கொண்டது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தவர்கள்

இறால் பண்ணைகளுக்கு எதிரான போராட்டத்தை நாகைக் கரையில் முன்னெடுத்தவர்கள் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும். வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கியவர்கள் அவர்கள். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981இல் அவர்கள் தொடங்கிய உழுபவரின் நில உரிமை இயக்கமான லாஃப்டி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. அப்படிக் கிடைத்த ஒரு ஏக்கருக்குப் பக்கத்தில் குட்டை வந்தபோது, பெற்ற நிலமே பாழாகும் நிலை. 1990களின் தொடக்கத்தில் தலித் பெண்கள் குட்டைகளுக்கு முன் உட்கார்ந்தார்கள், கைதானார்கள், சிறை சென்றார்கள். பண்ணை வேலிகளால் கடலுக்குப் போகும் வழி அடைபட்ட மீனவர்களும் சேர்ந்தார்கள். நீதிபதி எச். சுரேஷ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று இங்கே வந்து விசாரித்து 1995இல் அறிக்கை கொடுத்தது.

இந்த அவையில் ஒரு சங்கடத்தை மறைக்காமல் பேச வேண்டும். அம்பேத்கரியர்களான நமக்கும் காந்தியர்களுக்கும் தீராத வழக்கு உண்டு. அதில் ஒரு பகுதி இயந்திரம் பற்றியது. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று 1945இல் எழுதிய நூலில் பாபாசாகேப், இயந்திரத்தைப் பழிக்கும் காந்தியத்தை விரிவாக மறுக்கிறார். இயந்திரத்தால் விளைகிற தீமைக்கு இயந்திரம் காரணமல்ல, அதன் பலனைச் சிலர் மட்டும் அபகரிக்க இடங்கொடுக்கும் சமூக அமைப்பே காரணம் என்பது அவர் வாதம். வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். மின்சாரம் வேண்டும், அணை வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும் என்றவர். பின்னோக்கிப் போகும் கிராமத்தில் நமக்கு இடம் எது என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே இறால் குட்டையை எதிர்க்க நாம் காந்தியராக வேண்டியதில்லை. அம்பேத்கரின் அளவுகோலை வைத்தே எதிர்க்கலாம். இந்த இயந்திரம் உழைப்பவரின் பாரத்தைக் குறைத்ததா? இல்லை, தண்ணீருக்கு நடக்கும் தூரத்தைக் கூட்டியது. பலன் பரவியதா? இல்லை. வெண்மணியில் கேட்ட அரைப்படியை இங்கே கேட்கக்கூட வழியில்லை, ஏனென்றால் கூலி வாங்கும் உறவே அறுந்துபோயிருந்தது. பங்கு கேட்க முடியாத இடத்தில் மறுக்க மட்டுமே முடிந்தது. கிருஷ்ணம்மாள் அம்மையாரோடு உட்கார்ந்த பெண்களில் என் சின்னத்தையும் ஒருவர். அவருக்குச் சர்வோதயம் என்னவென்று தெரியாது. பம்பு தெரியும்.

தீர்ப்பும் அதற்குப் பின்னும்

ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி 1995இல் கடற்கரையை ஆய்வு செய்தது. அதன் கணக்கைத் தீர்ப்பு எடுத்தாள்கிறது: தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளால் ஆண்டுக்கு வருமானம் 280 கோடி ரூபாய், சூழலுக்கும் மக்களுக்கும் நேர்ந்த சேதம் 423 கோடி. ஆந்திரத்தில் வருமானம் 1,500 கோடி, சேதம் 6,300 கோடி. வருமானம் ஒரு கூட்டத்துக்கு, சேதம் வேறொரு கூட்டத்துக்கு என்பதைக் கணக்கு சொல்லாது. அதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் தீவிர இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். விளைநிலத்தையும் உப்பளத்தையும் குட்டையாக மாற்றக் கூடாது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான தொகையோடு ஆறு ஆண்டுக் கூலி. இந்தியச் சூழல் வரலாற்றில் இது பெரிய தீர்ப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எங்கள் தெருவில் அன்று வெடி வெடித்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். மறுசீராய்வு மனுக்கள் போயின. மூடும் உத்தரவு நடைமுறைக்கு வராமல் இழுபட்டது. இழப்பீடு கேட்கலாம் என்று யாரோ சொல்ல, பத்துப் பெண்கள் சேர்ந்து தாலுகா அலுவலகத்துக்குப் போனார்கள். பட்டா எங்கே என்று கேட்டார்கள். பட்டா இல்லை. பண்ணையில் வேலை பார்த்ததற்குச் சீட்டு எங்கே? பண்ணையில் வேலை பார்க்கவில்லை, பண்ணையால் வேலை போனவர்கள் நாங்கள். அதற்கான படிவம் இல்லை. நடவு நட்டதற்கு யார் ரசீது கொடுத்தார்கள்? சின்னத்தை திரும்பி வந்து, "நாம இருந்ததுக்கே அத்தாட்சி இல்லையாம்" என்றார்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையைத்தான் விழுங்கியது. நிவாரணம் படகுக்கும் வலைக்கும் கணக்கிடப்பட்டது. கடலோரத்தில் மீன் சுமந்தும் கருவாடு காயவைத்தும் வயிறு வளர்த்த தலித் குடும்பங்கள் அந்தக் கணக்கின் விளிம்பில் நின்றன. குட்டைக்கு எதிராகச் சேர்ந்து உட்கார்ந்த மீனவக் குப்பத்துக்கும் நம் தெருவுக்கும் இடையில் இருந்த கோடு முகாம்களில் மீண்டும் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து, 2005 ஜூனில், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று அது முன்தேதியிட்டு அறிவித்தது. தீர்ப்பின் அடித்தளத்தையே சட்டம் உருவிக்கொண்டது. பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடக்கலாம் என்றானது.

அந்தச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் ஒரு விதியை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 500 பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து பண்ணை 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 500க்குக் குறைவானவர்கள் வாழும் குடியிருப்பு என்றால் 100 மீட்டர் போதும். இந்த விதியை எழுதியவர் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் ஊரைவிட்டு விலக்கிவைக்கப்பட்ட சிறு குடியிருப்புகளில் யார் வாழ்கிறார்கள் என்று டெல்டாவில் ஒரு சைக்கிள் மிதித்தாலே தெரிந்துவிடும். நூறு வீடு இருந்தால் எட்டத்தில், முப்பது வீடு இருந்தால் கிட்டத்தில். ஊர் நம்மை ஒதுக்கிவைத்ததால் நாம் சிறியவர்கள் ஆனோம். சிறியவர்கள் என்பதால் குட்டை நமக்கு நெருக்கமாக வரலாம்.

2009க்குப் பிறகு வனாமி என்ற வெளிநாட்டு இறால் வந்தது. தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. விதி மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை என்றிருந்தது அபராதமாக மாறியது. இவ்வளவு மாற்றங்களிலும், கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் சட்டத்தில் ஏறவே இல்லை.

குத்தகைக்காரன் கதை

கம்பெனிகளில் பல, 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் தாக்கியபோதே நட்டப்பட்டுக் குட்டைகளைப் போட்டுவிட்டுப் போயின. போனவர்கள் மண்ணைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கவில்லை. உப்பேறிய குழிகளில் நெல் விளையாது. அதனால் அவற்றைச் சிறுகுத்தகைக்கு எடுத்து உள்ளூர்க்காரர்களே இறால் விடத் தொடங்கினார்கள். அவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். எங்கள் தெருவில் முதலாளி ஆன முதல் ஆள் என்று கேலியாகச் சொல்வோம்.

எதிர்ப்புக் கூட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டபோது அவன் சொன்னான்: "அக்கா, நீ வேணாங்குற. வேணாம்னா எனக்கு வேற என்ன இருக்கு?" என்னிடம் பதில் இல்லை. அவன் குட்டையில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். குஞ்சு பொரிப்பகத்தினுடையது, நோயில்லாதது என்று அவர்கள் கொடுக்கும் காகிதத்தை நம்ப வேண்டும். தீவனம் டீலரிடம் கடன். மருந்தும் அவரிடமே, எதற்கு எது என்று அவரே சொல்கிறார். கடன் தீர அறுவடையை அவர் கைகாட்டும் வியாபாரிக்கே கொடுக்க வேண்டும். விலையை வெளிநாட்டுச் சந்தை தீர்மானிக்கிறது. அவன் கையில் இருப்பது ஏரேட்டர் சுவிட்சும் டார்ச் லைட்டும். ஒருநாள் காலை இறால் செத்து மிதந்தது. நாலு லட்சம் கடன். இன்று திருப்பூரில் இருக்கிறான்.

வெளியிலிருந்து பார்த்தால் தொழில்நுட்பம் உள்ளூர்க்காரர் கைக்கு, அதுவும் ஒரு தலித் கைக்கு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் நட்டம் மட்டும் கைமாறியிருக்கிறது. கட்டுப்பாடு என்றால் குட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதோடு முடிவதில்லை. குஞ்சு, தீவனம், விலை, தண்ணீர், கழிவு இவற்றில் எதன்மேலாவது அவனுக்குப் பேச்சு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

இருபத்திரண்டாம் போல்டர்

தெரு தோற்றுக்கொண்டே இருந்தது என்று இந்த உரையை முடித்தால் அது முழு வரலாறாகாது. வங்காள விரிகுடாவின் மறுகரையில், வங்கதேசத்தின் குல்னா பகுதியில், கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பிய தீவுகள் போன்ற நிலப்பகுதிகள் உண்டு. போல்டர் என்பார்கள். 1980களில் இறால் வியாபாரிகள் அந்தக் கரைகளை வெட்டி உப்புநீரை உள்ளே விட்டார்கள். போல்டர் போல்டராக நெல் போனது. 22ஆம் எண் போல்டரில் நிலமற்றோர் சங்கமாகத் திரண்டு மறுத்தார்கள். 1990 நவம்பர் 7 அன்று ஹரின்கோலா என்ற இடத்தில் அவர்களின் ஊர்வலத்தின் முன்வரிசையில் சென்ற கருணாமயி சர்தார் என்ற பெண், இறால் வியாபாரியின் அடியாட்களால் கொல்லப்பட்டார்.

அவர் சாவுக்குப் பிறகும் அந்தப் போல்டருக்குள் இறால் நுழையவில்லை. சுற்றிலும் உப்பு, நடுவில் நெல். ஆண்டுதோறும் நவம்பர் 7இல் நிலமற்றோர் அங்கே கூடுகிறார்கள், நாம் டிசம்பர் 25இல் கூடுவதைப் போல. அவர்களிடமும் பட்டா இல்லை. கரையும் மதகும் யாருடைய காவலில் இருக்க வேண்டும் என்பதில் தங்களுக்குப் பேச்சு உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். சங்கமாக நின்று காத்தார்கள்.

நாம் கேட்க வேண்டியது

நம் நாட்டிலும் சம்மதம் என்பது சட்டத்துக்கு அந்நியமான சொல் அல்ல. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் எடுப்பதா என்பதை 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகளும் மறுத்தன. ஆதிவாசிகளுக்கு அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. கடலோரத்து தலித் தெருவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நிலம் இருந்தவருக்கே சொல் என்ற பழைய மிராசு முறை இந்த விஷயத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். தண்ணீரையோ மண்ணையோ மாற்றக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்துக்கும், அதன் பக்கத்தில் வாழ்வோரின் முன்சம்மதம் வேண்டும்; பட்டா இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. அந்தச் சம்மதத்தை ஊர் என்ற பெயரில் ஒட்டுமொத்தமாக எடுக்காமல், தெருவின் பெண்கள் தனியாகக் கூடிச் சொல்ல வழி வேண்டும். 500 பேர், 100 மீட்டர் என்ற அந்த விதி போக வேண்டும். இரண்டு உயிருக்கு ஒரே தூரம் வேண்டும்.

இலக்கிய அமைப்பு என்ற முறையில் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாலுகா அலுவலகம் கேட்ட அத்தாட்சியை நாம்தான் எழுத வேண்டும். எந்த வயலில் யார் நடவு நட்டார், எந்த வாய்க்காலில் நண்டு பிடித்தார், எந்த ஆண்டு எந்த பம்பு கரித்தது என்று ஒவ்வொரு தெருவிலும் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். கேட்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று தெருவில் இருக்கிறார்கள். சொல்லத் தெரிந்த கிழவிகள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அப்பாயி 2003இல் போய்விட்டார். சின்னத்தை இருக்கிறார், கண் தெரியவில்லை. போன மாதம் போனபோது அவரிடமிருந்து பதினொரு குட்டைகளின் இடத்தையும், அவை வயலாக இருந்தபோது அவற்றுக்கு இருந்த பெயர்களையும் எழுதி வாங்கினேன். மேலப்பங்கு, பனையடி, நொச்சித்தாக்கு என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

எங்கள் பழைய அடிபம்பு இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. கைப்பிடி இல்லை. தெருவுக்கு இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறை. பம்பைப் பிடுங்கிவிடலாமா என்று ஊராட்சியில் கேட்டார்கள். தெருப் பெண்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது நிற்கட்டும் என்றார்கள்.